அதட்டலா, பாசமா, எழுதிவைத்த விதியா? சின்ன பனியன் யூனிட்டில் ஆட்களை நடத்தும் வழிகள்

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் முழுசாகத் திரும்பவில்லை என்று புலம்பாத யூனிட் முதலாளியைத் திருப்பூரில் பார்ப்பது அரிது. முப்பது நாற்பது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துத் தருவது) செய்யும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "கறாராக இருந்தால் ஓடிப்போகிறார்கள். நல்லவிதமாக இருந்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். எப்படித்தான் நடத்துவது?"

நான் ஒன்பது வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். அப்புறம் சொந்தமாகச் சின்ன யூனிட் போட்டேன். முதல் வேலையில் அதட்டினேன், இரண்டாவதில் பாசம் காட்டினேன், இரண்டிலும் நன்றாக அடி வாங்கினேன். ஆகவே கீழே இருப்பது பட்டுத் தெரிந்துகொண்டவனின் ஒப்பீடு. முப்பதிலிருந்து ஐம்பது பேர் வரை வேலை செய்யும் தையல் யூனிட்டை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

"ஆட்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா" என்ற கேள்வியை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. முதலாளி கேட்டால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பதாகத்தான் சொல்வார்கள். நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் உங்களிடம் வருகிறது? நான்கில் இதைத்தான் முதலில் வைப்பேன். ஏற்றுமதி வேலை செய்கிறவர்களுக்கு ஊசி ரிஜிஸ்டர் தெரியும். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் தைத்துக்கொண்டிருந்த அந்தப் பண்டலையே (பீஸ் கட்டையே) ஒதுக்கிவைத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தை போடும் சட்டைக்குள் ஊசி முனை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விதி நல்ல விதிதான். ஆனால் ஊசி உடைந்ததும் "உனக்கு மட்டும் எப்படிம்மா உடையுது?" என்று நாலு பேர் முன்னால் ஒருவர் கத்தினால், அடுத்த முறை அந்த அம்மா வெளிக்கடையில் ஊசி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். உடைந்தது யாருக்கும் தெரியாது. ரிஜிஸ்டர் சுத்தமாக இருக்கும். துண்டு எங்கே போனது என்பது கடவுளுக்கு வெளிச்சம்.

பண்டிகை முடிந்து எத்தனை பேர் திரும்புகிறார்கள்? ஒரு டெய்லர் போனால் இன்னொருவர் என்று நினைப்பவர்கள் லைனைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டி-ஷர்ட் லைனில் தோள், கழுத்து, கை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று வேலை வரிசையாகப் போகிறது. எல்லோரும் மணிக்கு 60 பீஸ் தைக்கிறார்கள், கழுத்து தைப்பவர் மட்டும் புதுசு, அவருக்கு 40தான் வருகிறது என்று வையுங்கள். லைன் தருவது 40தான். எட்டு மணி நேரத்தில் 160 பீஸ் குறைகிறது. மற்றவர்களுக்கு ஷிப்ட் சம்பளம் முழுசாகப் போகிறது. ஒரு பழைய ஆள் போவதன் விலை இது. எந்த பில்லிலும் இந்த விலை எழுதியிருக்காது.

நீங்கள் இல்லாத நாளில் யூனிட் எப்படி ஓடுகிறது? இதற்கு விளக்கம் வேண்டாம். ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? நிறைய பேர் கடைசியில்தான் இதைப் பார்க்கிறார்கள், அதுவும் ஆடிட் வரும் வாரத்தில்.

## வழி 1: கறார்

சத்தம் போடுவது, நிற்கவைத்துக் கேட்பது, லேட்டாக வந்தால் அரை ஷிப்ட் வெட்டு, அல்டர் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) வந்தால் சம்பளத்தில் பிடித்தம். ஊரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணமும் புரிகிறது. சத்தம் போட்டால் அன்றைக்கு உடனே பலன் தெரிகிறது. திட்டிய அடுத்த அரை மணி நேரம் மெஷின் எல்லாம் வேகமாக ஓடும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியில், துவைத்துப் பார்த்த சாம்பிளில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்திருந்தது. பக்கத் தையல் போட்ட பெண்ணை லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டினேன். கடைசியில் பார்த்தால் தப்பு துணியில். சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணியில் நூலின் முறுக்கு சரியாக அடங்காவிட்டால் துவைத்ததும் துணி சாய்ந்துகொள்ளும், தையல் எவ்வளவு நேராக இருந்தாலும் கோணலாகத்தான் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெண் அப்புறம் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "துணி ஒரு பக்கம் இழுக்கறது முதல் பண்டல்லயே தெரிஞ்சதுங்க. சொன்னா நீ தைக்கறதுதான் சரியில்லைன்னு சொல்வீங்க, அதான் சொல்லல." அதற்குள் அந்தக் கலர் முழுக்கத் தைத்து முடிந்திருந்தது.

கறாரின் முதல் மறைமுகச் செலவு இதுதான். கண் இருக்கும், வாய் இருக்காது.

இரண்டாவது செலவு சட்டத்தில் இருக்கிறது. அபராதத்துக்கு எல்லை என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே இருந்தது, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு சம்பளக் காலத்தில் போடும் அபராதம் அந்தக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நாளுக்கு 600 ரூபாய், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வாரச் சம்பளம் 3,600. அதில் 3 சதவீதம் 108 ரூபாய். அரை ஷிப்ட் பிடித்தாலே 300 ஆகிறது. அந்த 108-ஐயும் நினைத்தபடி போட முடியாது. எந்தத் தப்புக்கு அபராதம் என்று முன்கூட்டியே அனுமதி வாங்கி எழுதி ஒட்டியிருக்க வேண்டும், அந்த ஆளிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். வசூலான பணமும் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவாக வேண்டும், முதலாளி கல்லாவுக்குப் போகக்கூடாது. வராத நேரத்துக்குச் சம்பளம் தராமல் இருப்பதும் நஷ்டத்துக்குப் பிடிப்பதும் சட்டத்தில் வேறு வேறு கணக்கு, அவற்றுக்கும் எல்லை உண்டு. பத்து நிமிஷம் லேட்டுக்கு அரை ஷிப்ட் வெட்டுவது எந்தக் கணக்கிலும் வராது.

சரி, கறார் எங்குமே வேண்டாமா? வேண்டும். கட்டிங் மாஸ்டர் இரும்புக் கண்ணி கையுறை இல்லாமல் கட்டிங் மெஷினைத் தொட்டால், அவசர வழியில் அட்டைப்பெட்டி அடுக்கினால், பெண்களிடம் யாராவது தப்பாகப் பேசினால் அங்கே பாசத்துக்கோ சமாதானத்துக்கோ இடமில்லை, அந்த நிமிஷமே வேலை நிற்க வேண்டும். ஆனால் இந்த மூன்றுக்குமே சத்தம் தேவையில்லை. "நிறுத்துங்க" என்று ஒரே சொல் போதும்.

## வழி 2: பாசம்

"நம்ம கம்பெனியில் எல்லோரும் ஒரு குடும்பம் மாதிரி." முதலாளியை அண்ணன் என்பார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடப் பீஸுக்கு அட்வான்ஸ், காதுகுத்துக்கு மொய், ஆயுத பூஜைக்குச் சட்டை, ஷிப்மென்ட் முடிந்தால் பிரியாணி. நான் யூனிட் போட்டபோது பிடித்துக்கொண்டது இதைத்தான். திட்டித் திட்டி அலுத்துப் போனவன், நல்லவனாக இருந்து பார்க்கலாமே என்று ஆசைப்பட்டேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தவரை பிரமாதமாக ஓடியது, மறுக்க மாட்டேன். எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள். யாருக்கு என்ன கஷ்டம் என்பது தெரியும். அவசரம் என்றால் கேட்காமலே ஒன்றரை ஷிப்ட் இருப்பார்கள். முப்பதைத் தாண்டியதும் ஆட்டம் கண்டது.

முதலில் அட்வான்ஸ். நல்ல டெய்லர் ஒருவருக்குத் தங்கை கல்யாணத்துக்கு 20,000 கொடுத்தேன். வாரம் 500 பிடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இரண்டு மாதத்தில் அவருக்கு வீட்டில் வேறு செலவு வந்தது, நானே "இந்த வாரம் பிடிக்கவில்லை, விடுங்க" என்றேன். மூன்று வாரம் அப்படிப் போனது. பிறகு என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டு அவர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பணம் போனது ஒருபக்கம். அந்தக் கடனைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த டெய்லராவது இருந்திருப்பார். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. "அட்வான்ஸ் தீரும்வரை வேறு கம்பெனிக்குப் போகக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பேசும் இடத்துக்குப் போய்விடும். கொங்குப் பகுதி நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டம் இந்தப் பாசத்தின் முற்றிய வடிவம்தான். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். கேட்க எவ்வளவு அக்கறையாக இருக்கிறது! நடுவில் உடம்பு முடியாமல் போன பெண்ணுக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்காது என்பதுதான் அதன் பூட்டு.

அடுத்தது, குடும்பம் என்றால் அதில் மூத்தவர், செல்லப்பிள்ளை, மருமகள் எல்லாம் இருப்பார்கள். என் ஊர்க்காரர்களுக்கு நான் அண்ணன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு நான் யார்? லீவு கேட்டால் ஒருவருக்கு உடனே தலையாட்டுவேன், மற்றவர் மூன்று முறை கேட்பார். நான் வேண்டுமென்று செய்யவில்லை. தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜை பீகார்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய பண்டிகை என்பதே எனக்கு இரண்டாம் வருஷம்தான் தெரியும். முதல் வருஷம் "தீபாவளிதான் முடிஞ்சுதே, உடனே வாங்க" என்று போனில் சத்தம் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது, உரிமை தானமாக மாறிவிடும். இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்பது சட்டம். அதைக் கவரில் போட்டு, ஸ்வீட் பாக்ஸோடு, "அண்ணன் கொடுத்தார்" என்று வாங்கிப்போகும்படி நாம் செய்துவிடுகிறோம். வாங்கியவர் கணக்குக் கேட்க முடியாது. அண்ணனிடம் யாராவது கணக்குக் கேட்பார்களா? சூப்பர்வைசர் மீது புகார் இருக்கும் பெண்ணும் அப்படித்தான், "குடும்பத்துக்குள்" சண்டை மூட்டுகிறாள் என்ற பேருக்குப் பயந்து பேசாமல் போய்விடுவார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகப் புகார் குழு வேண்டும் என்று 2013-இல் வந்த சட்டம் சொல்வதற்குக் காரணம் இந்த மௌனம்தான்.

பாசத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். விபத்து, சாவு, பிரசவம் போன்ற நேரத்தில் விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுப்பவன்தான் மனிதன். அன்றாட நிர்வாகத்துக்கு மட்டும் அதை நம்ப முடியாது என்கிறேன்.

## வழி 3: காசு பேசட்டும்

முழுக்கப் பீஸ் ரேட். யாரையும் திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம், தைத்ததற்குக் காசு. கேட்க நன்றாக இருக்கிறது. பக்கத்துத் தெருவில் பீஸுக்குப் பத்துப் பைசா அதிகம் என்றால் திங்கட்கிழமை லைன் காலி. வேகத்துக்குக் காசு என்பதால் செக்கிங்கில் அல்டர் குவியும். ஒரே ஸ்டைல் பல மாதம் ஓடும் உள்ளூர் பனியன், ஜட்டி வேலைக்குப் பரவாயில்லை. வாரத்துக்கு ஒரு ஸ்டைல் மாறும் ஏற்றுமதி வேலைக்கு ஒத்துவராது.

## வழி 4: எழுதிவைத்த விதியும் வாங்க போங்கவும்

இப்போது நான் நடத்தும் விதம் இது. ஷிப்ட் சம்பளம், ஓவர்டைம் ரேட், லீவு கேட்கும் முறை, போனஸ் கணக்கு, அட்வான்ஸுக்கு உச்சவரம்பு எல்லாம் தமிழிலும் இந்தியிலும் போர்டில் இருக்கிறது. சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சம்பளம். ஐந்தரை என்றால் ஏன் என்று நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். தப்பைச் சுட்டிக்காட்டுவது தனியாக, மெஷின் பக்கத்தில், கையில் பீஸை வைத்துக்கொண்டு. "ஏன் இப்படித் தச்சீங்க" என்று தொடங்குவதில்லை, "இது எங்கே மாறுச்சு, பார்க்கலாம் வாங்க" என்றுதான். அப்புறம், எல்லோருக்கும் வாங்க போங்க.

இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஏனுங்க, சரிங்க என்று மூச்சுக்கு ஒரு "ங்க" போடுகிற ஊர் இது. கம்பெனி கேட்டைத் தாண்டியதும் மட்டும் "ஏ புள்ள, இங்க வா" ஆகிவிடுகிறது. வடக்கத்தி ஆட்களிடம் நம் சூப்பர்வைசர்கள் பேசும் இந்தி பெரும்பாலும் "ஜல்தி ஜல்தி"யோடு சரி. "ஆப்" (நீங்கள்) என்ற சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள ஒரு பைசா செலவில்லை.

செலவே இல்லாத வழி என்று சொல்லிவிட்டால் பொய். முதல் செலவு, உங்கள் கையையும் அது கட்டிப்போடும். போர்டில் எழுதிய பிறகு, பணம் வரவில்லை என்று சனிக்கிழமை சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ள முடியாது. ஆர்டர் கொடுத்த பையர் பணம் தராமல் இழுத்தடிக்கும் மாதத்தில் இது கழுத்தைப் பிடிக்கும். நான் ஒரு வாரச் சம்பளத்தைத் தனியாக எடுத்துவைத்தபிறகுதான் இதில் இறங்கினேன். அந்தப் பணம் கையில் இல்லாதவர்கள் போர்டு எழுதுவதைத் தள்ளிப்போடுவது நல்லது. வாக்குக் கொடுத்துத் தவறினால் கறாரைவிட மோசம்.

இரண்டாவது செலவு சூப்பர்வைசர்கள். இங்கேதான் நிறைய பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான சூப்பர்வைசர் நேற்றுவரை நல்ல டெய்லர். ஆட்களை நடத்த யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, திட்டு வாங்கியே வளர்ந்தவர், திட்டுவதுதான் அதிகாரம் என்று நினைக்கிறார். அதை நிறுத்தச் சொன்னால் பதவியைப் பிடுங்கியது போல இருக்கும். அதோடு, பத்து மணிக்கு முதலாளி டார்கெட் கேட்டு சூப்பர்வைசரைக் கத்தினால், பத்தேகாலுக்கு அந்தச் சத்தம் லைனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் நான் முதலில் மாற்றியது சூப்பர்வைசரிடம் நான் பேசும் விதத்தை. மூன்று மாதம் ஆனது. ஒருவர் பிடிக்காமல் போயேவிட்டார்.

முதல் ஒரு மாதம் உற்பத்தி கொஞ்சம் குறையவும் செய்யும். பயத்தில் ஓடிக்கொண்டிருந்த வேகம் போய், சொந்த வேகம் வரும்வரை ஓர் இடைவெளி இருக்கிறது.

ஐந்தாறு பேர் யூனிட்டுக்கு இந்தப் போர்டெல்லாம் அதிகப்படி. கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுக்கிறவர்களுக்கும் பாதிதான் பலிக்கும், சம்பளம் அவர் கையில் இருக்கும்வரை உங்கள் விதி அவர் கையில்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கறார் | பாசம் | காசு மட்டும் | விதி + மரியாதை |
|---|---|---|---|---|
| கெட்ட செய்தி வருமா | மறைப்பார்கள் | பிடித்தவர் மட்டும் சொல்வார் | செக்கிங்கில்தான் தெரியும் | சீக்கிரம் வரும் |
| பண்டிகைக்குப் பின் | பலர் வர மாட்டார்கள் | ஊர்க்காரர் வருவார், கடன்பட்டவர் தயங்குவார் | ரேட்டைப் பொறுத்தது | வருவது அதிகம் |
| நீங்கள் இல்லாத நாள் | சத்தம் அடங்கும், வேலையும் | எல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும் | வேகம் குறையாது, தரம் குறையும் | சூப்பர்வைசர் மாறியிருந்தால் ஓடும் |
| சட்டச் சிக்கல் | பிடித்தம், அபராதம் | அட்வான்ஸ், போனஸ், புகார் | ஓவர்டைம் கணக்கு | குறைவு |
| மறைமுகச் செலவு | அல்டர், புது ஆள் | வராக்கடன், பாரபட்சம் | அல்டர் | எடுத்துவைக்கும் பணம், சூப்பர்வைசர் எதிர்ப்பு |

## யாருக்கு எது

பத்துப் பேருக்குள், எல்லோரும் ஒரே ஊர் என்றால் பாசமே போதும். அட்வான்ஸை மட்டும் நோட்டில் எழுதுங்கள். முப்பதைத் தாண்டினால், அல்லது இரண்டு மாநிலத்து ஆட்கள் இருந்தால், நான்காவது வழிக்கு வாருங்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் இருக்கும் மாதத்தில் எதையும் மாற்ற வேண்டாம். தைப் பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பும் வாரம் நல்ல நேரம், புது ஆட்களுக்கு அதுதான் முதலிலிருந்தே வழக்கம் ஆகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாதவர்கள் எங்கே தொடங்குவது? நாற்காலியிலிருந்து தொடங்கலாம். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளா 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டமே போட வேண்டி வந்தது. நம் யூனிட்களில் டெய்லருக்கு ஸ்டூல் இருக்கும், செக்கிங் பெண்களும் கைமடிக்கும் (டெய்லருக்கு உதவும்) பெண்களும் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பார்கள். உயரமான ஸ்டூல் பத்து வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

நான் தொடங்கியது ஊசியில். "ஊசி உடைந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். துண்டோடு வாருங்கள், புது ஊசி வாங்கிப் போங்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், சேர்ந்து தேடலாம்" என்று போர்டில் எழுதினேன். அதுவரை ரிஜிஸ்டரில் மாதம் மூன்று நான்கு வரிதான் இருக்கும். மூன்றாம் மாதம் ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் போனது. ஆட்கள் அஜாக்கிரதையாகிவிட்டார்கள் என்று பயந்துபோய் ஸ்டோரில் ஊசி வாங்கிய பில்களை எடுத்துப் பார்த்தேன். பெட்டி எண்ணிக்கை முன்பைவிட அதிகம்தான். தைக்கிற அளவோ அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்ற செக்கிங் அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். "இப்பத்தானுங்க யாரும் கடையில ஊசி வாங்கறதில்ல" என்றார்.